கடைக்கு இன்டர்நெட் போன் போடப் போகிறீர்களா? கொட்டேஷனைப் படிக்க ஒரு வழிகாட்டி

கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், போன வருடம் ஒரு கொட்டேஷனை என்னிடம் நீட்டினார். இரண்டு பக்கம். ஐபி பிபிஎக்ஸ் 1, எஸ்ஐபி டிரங்க் 10 சேனல், பிஓஇ ஸ்விட்ச் 16 போர்ட், ஐபி போன் 12, ஸ்டேட்டிக் ஐபி 1 என்று வரிசையாகப் போய், கடைசியில் ஜிஎஸ்டியோடு ஒரு தொகை.

"தம்பி, இதுல எனக்குப் புரிஞ்சது கடைசி வரி மட்டும்தான். அதுலயும் எஸ்ஐபின்னு போட்டிருக்கானே, போனுக்கு எதுக்கு மியூச்சுவல் ஃபண்டு?"

அண்ணாச்சி கேலி செய்யவில்லை. மாதாமாதம் கட்டும் எஸ்ஐபிதான் அவருக்குத் தெரிந்த எஸ்ஐபி. இது வேறு. போன்காரர்கள் 'சிப்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். செஷன் இனிஷியேஷன் புரோட்டோகால் என்பதன் சுருக்கம்.

மதுரையில் கடைகளுக்கும் சிறு ஆபீஸ்களுக்கும் நெட், போன், கேமரா வயரிங் செய்து கொடுப்பது என் தொழில். இதில் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. போனில் குரல் விட்டுவிட்டு வருகிறது என்றால் நெட்காரர் "எங்க லைன் சுத்தமா இருக்கு, போன்காரரைக் கேளுங்க" என்பார். போன்காரர் "நெட்டுதான் சார் பிரச்சினை" என்பார். நடுவில் கடைக்காரர் பந்தாக உருளுவார். சொற்கள் புரிந்துவிட்டால் கோளாறு யார் பக்கம் என்று அவரே சொல்லிவிடலாம். அகராதி போல அகரவரிசையில் சொன்னால் மண்டையில் ஏறாது. ஆகவே கடைக்குப் போன் போடும் வேலை எந்த வரிசையில் நடக்குமோ, அந்த வரிசையிலேயே போகிறேன்.

முதலில் ஒரு தாளும் பென்சிலும்

கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எத்தனை இடத்தில் போன் வேண்டும். கல்லா, கணக்கு, கிடங்கு, மாடி என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ்டென்ஷன். பழைய இன்டர்காமில் 21, 22 என்று அழுத்திக் கூப்பிடுவோமே, அதேதான்.

இரண்டாவதில்தான் காசு இருக்கிறது: ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியாட்களோடு பேசுவார்கள்? அந்த எண்ணிக்கைக்குப் பெயர் சேனல். பன்னிரண்டு போன் இருந்தால் பன்னிரண்டு சேனல் வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லாவிலிருந்து கிடங்குக்குப் பேசும் இன்டர்காம் பேச்சு சேனலைத் தொடுவதே இல்லை. அண்ணாச்சி கடையில் ஒரு திங்கட்கிழமை காலை கணக்குப்பிள்ளையை துண்டுச் சீட்டோடு உட்கார வைத்தோம். சுற்றுப்பட்டுக் கடைக்காரர்கள் மிளகாய், பருப்பு ரேட் கேட்டுக் கூப்பிடும் நேரம் அது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, எத்தனை பேர் காதில் வெளி அழைப்பு இருக்கிறது என்று கோடு போடச் சொன்னேன். பகல் பன்னிரண்டு மணிவரை போட்டதில் அதிகபட்சம் நான்கு. ஒரே ஒரு தடவை ஐந்து. அந்த ஐந்தாவது ஆள் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். கொட்டேஷனில் பத்தாக இருந்த சேனல் ஆறாகக் குறைந்தது.

இந்தச் சேனல்கள் எதன் வழியாக வருகின்றன? முன்பெல்லாம் பெரிய ஆபீஸ்களில் பிஆர்ஐ என்ற லைன் எடுப்பார்கள். நம் நாட்டில் அது 30 சேனல் கொண்ட கட்டு. அதே வேலையை நெட் வழியாகச் செய்வதுதான் சிப் டிரங்க். கடைப் போன்களை இணைக்கும் உங்கள் எக்ஸ்சேஞ்சுக்கும் (கொட்டேஷனில் ஐபி பிபிஎக்ஸ் என்று இருப்பது) டெலிபோன் கம்பெனிக்கும் நடுவே போட்ட வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5, 10 என்று தேவைக்கு ஏற்ப வாங்கலாம்.

மூன்றாவது, ஊருக்குத் தெரிந்த எண்கள். பில் புத்தகத்திலும் கைப்பையிலும் அச்சடித்திருக்கும் 0452 எண்ணை விட்டுவிடத் துணிவு வராது, வரவும் கூடாது. ஆனால் ஒன்று: மொபைல் எண்ணை அப்படியே வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்வது போல லேண்ட்லைன் எண்ணை மாற்றிக்கொள்ள வழியில்லை. அதனால் இப்போது எண் கொடுத்திருக்கும் கம்பெனியிடமே அதை சிப் டிரங்கில் ஏற்றித் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் பழைய கம்பியை எஃப்எக்ஸ்ஓ போர்ட் என்ற துளையில் செருகிப் புது எக்ஸ்சேஞ்சோடு சேர்த்துவிடலாம். எஃப்எக்ஸ்ஓ என்றால் வெளியிலிருந்து வரும் டெலிபோன் கம்பியைச் செருகும் இடம். எஃப்எக்ஸ்எஸ் அதற்கு மறுபக்கம், பழைய சாதாரணப் போனைச் செருகும் இடம். இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டுப் 'போன் செத்துப்போச்சு' என்று கூப்பிட்டவர்கள் உண்டு.

டிஐடி என்ற சொல்லும் இங்கே வரும். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் வெளியிலிருந்து நேராகக் கூப்பிடத் தனி எண் கொடுப்பது. பத்துப் பேர் உள்ள ஆபீஸுக்கு உதவும். கடைக்குப் பெரும்பாலும் வேண்டாம். ஒரே எண்ணும், அது பிஸியாக இருந்தால் அடுத்த போனுக்குத் தாவும் ஹண்டிங்கும் போதும்.

குரல் எப்படிப் போகிறது

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து வெளியூருக்கு மல்லி அனுப்புகிறவர்களைக் கேளுங்கள். மொட்டாகவே போய்ச் சேர வேண்டும். மலர்ந்த பிறகு போய் இறங்கும் கூடைக்கு விலை கிடையாது. அரிசி மூட்டை அப்படியில்லை, நாளைக்கு இறங்கினாலும் அரிசிதான். மெயில், வாட்ஸப் படம், ஜிஎஸ்டி ரிட்டன் எல்லாம் அரிசி மூட்டை. குரல் மல்லி.

நீங்கள் பேசுவதை வழக்கமாக 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, விநாடிக்கு 50 கூடைகளாக அனுப்புகிறது போன். ஒவ்வொரு கூடையும் ஒரு பேக்கெட். லேட்டாக வரும் பேக்கெட்டை எதிர்முனைப் போன் வாங்காது, தூக்கி எறிந்துவிடும். வாக்கியம் பாதி பேசியாகிவிட்ட பிறகு அதன் முதல் எழுத்து வந்து என்ன பயன்?

கூடையில் எவ்வளவு அமுக்கி அடைக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது கோடெக். ஜி.711 என்பது அமுக்காமல் அடைப்பது. குரல் மட்டும் 64 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 64 கிலோபிட்; கூடையின் எடையான தலைப்பு விவரங்களும் சேர்ந்து ஒரு அழைப்புக்கு ஒரு பக்கம் ஏறக்குறைய 90. ஜி.729 நன்றாக அமுக்கும். குரல் 8 கேபிபிஎஸ்தான், எல்லாம் சேர்ந்து 30 அளவில் முடியும், கேட்பதற்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கும். நெட் ஓரளவு நன்றாக இருந்தால் ஜி.711 போதும், யோசிக்கவே வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் 6 பெருக்கல் 90, அதாவது 540 கேபிபிஎஸ். அரை எம்பிபிஎஸ்ஸுக்குச் சற்று மேலே. போக அவ்வளவு, வர அவ்வளவு. "போன் நல்லா வேலை செய்யணும்னா 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க" என்று யாராவது சொன்னால் அவரிடமே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூடை சிறியது. பெரிய லாரி தேவையில்லை. விநாடிக்கு ஐம்பது கூடையும் ஒரே சீராகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சீரை அளக்க மூன்று சொற்கள். ஒரு கூடை போய்ச் சேர எடுக்கும் நேரம் லேட்டன்சி. ஒரு பக்கப் பயணம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சில் சிரமம் தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதற்கு மேல் நீள நீள, இருவரும் ஒரே சமயத்தில் பேசி, ஒரே சமயத்தில் நிறுத்தி, 'நீங்க சொல்லுங்க', 'இல்ல நீங்க சொல்லுங்க' என்று ஆகிவிடும். கூடைகள் சீரான இடைவெளியில் வராமல் ஒன்று சீக்கிரமும் ஒன்று தாமதமுமாக வருவது ஜிட்டர். 30 மில்லிசெகண்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. இதைச் சமாளிக்கப் போனுக்குள் ஜிட்டர் பஃபர் இருக்கிறது. நாலு கூடையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். வழியிலேயே காணாமல் போகும் கூடைகள் பேக்கெட் லாஸ். நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால் காதுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. போன் மணி அடிப்பதும், எடுப்பதும், வைப்பதும் சிப்பின் வேலை. குரலைச் சுமப்பது ஆர்டிபி என்ற வேறொரு ஆள். கல்யாண வீட்டில் அழைக்கப் போகிறவர் வேறு, சீர்த்தட்டு தூக்குகிறவர் வேறு இல்லையா, அப்படி. மணி அடித்தது, எடுத்தேன், சத்தமே இல்லை என்றால் அழைக்கப் போனவர் வந்துவிட்டார், தட்டு தூக்குகிறவர் வழி தெரியாமல் நிற்கிறார் என்று அர்த்தம். பாதிக் கோளாறுகளை இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

காசு கொடுப்பதற்கு முன் லைனைப் பாருங்கள்

ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினால் டவுன்லோடு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அதன் பக்கத்திலேயே அப்லோடு, பிங், ஜிட்டர் மூன்றும் இருக்கும். உங்களுக்கு வேண்டியவை அவைதான். அதிலும் அப்லோடு முக்கியம். கேமரா படங்களை வெளியே ஏற்றிக்கொண்டிருக்கும் கடையில் நெருக்கடி அங்கேதான் வரும்.

அதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. பில் போடும் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னல்கள் இரண்டைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் 'பிங்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, இடம் விட்டு உங்கள் ரூட்டரின் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். இல்லையென்றால் ரூட்டரின் அடியில் ஒட்டியிருப்பார்கள். மறுபடி இடம் விட்டு ஒரு மைனஸ் குறியும் 'டி' எழுத்தும். இன்னொன்றில் அதேபோல, ரூட்டர் முகவரிக்குப் பதில் 8.8.8.8. அது வெளியே இருக்கும் கூகுளின் சர்வர் ஒன்று. இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் ஓட்டுங்கள். ராத்திரி கடை சாத்திய பிறகு எல்லா லைனும் நல்ல லைன்தான்.

ரூட்டர் ஜன்னலில் ஒன்று, இரண்டு மில்லிசெகண்ட் என்று ஒரே மாதிரி வர வேண்டும். அங்கேயே 1, 2, 180, 3, 240 என்று குதித்தால் கோளாறு உங்கள் கடைக்குள் இருக்கிறது: வைஃபை, பழைய கேபிள், அல்லது சூடேறிப்போன நெட்வொர்க் ஸ்விட்ச். நெட்காரரைத் திட்டிப் புண்ணியமில்லை. ரூட்டர் ஜன்னல் அமைதியாக இருந்து வெளி ஜன்னல் மட்டும் குதித்தாலோ, 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று அடிக்கடி வந்தாலோ, உங்கள் லைன் நிரம்பி வழிகிறதா என்று கேமராவை ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அப்போதும் குதித்தால் நெட்காரரைக் கூப்பிடலாம். திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் பேசுங்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பிங் காட்டுவது போய்த் திரும்பும் நேரம். முன்னே சொன்ன 150 ஒரு பக்கத்துக்கு.

பிராட்பேண்டா, ஐஎல்எல்லா என்ற கேள்வி இங்கே வரும். பிராட்பேண்டில் ஒரே வழியைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஐஎல்எல், அதாவது இன்டர்நெட் லீஸ்டு லைன், உங்களுக்கென்று ஒதுக்கியது. போகவும் வரவும் ஒரே வேகம், விலை பல மடங்கு. அதோடு, மாதத்தில் இத்தனை சதவீத நேரம் லைன் உயிரோடு இருக்கும் என்று எஸ்எல்ஏ என்ற உறுதிமொழி வரும். 99.5 சதவீதம் என்று படிக்கும்போது பெரிதாகத் தெரியும். 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் லைன் செத்திருந்தாலும் அவர்கள் சொன்ன சொல் காப்பாற்றியதாகவே கணக்கு. 99.9 என்றால் 43 நிமிடம். ஆறு சேனல் கடைக்கு ஐஎல்எல் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு வேறு கம்பெனி பிராட்பேண்ட் எடுத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குத் தாவும் ஃபெயில்ஓவர் ரூட்டர் வைத்தால் போதும். ஆனால் அந்த இரண்டு ஒயரும் ஒரே கம்பத்தில் தொங்கக் கூடாது. மாசி வீதிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரைத் தேர் வரும்போது குறுக்கே போகும் ஒயர்களை எல்லாம் அகற்றிவிடுவார்கள். கம்பெனி பேதம் பார்த்தா அகற்றுகிறார்கள்?

சுவரில் மாட்டிய டப்பாக்கள்

ஃபைபர் வந்து முடியும் சின்ன டப்பா ஓஎன்டி. உள்ளே வரும் ஒளியைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற சிக்னலாக மாற்றுகிறது. கடைக்குள் இருக்கும் கருவிகளுக்கு முகவரி கொடுத்து வெளியுலகத்தோடு பேச வைப்பது ரூட்டர். இரண்டும் ஒரே டப்பாவிலும் இருக்கலாம். ஒரு ஒயரைப் பதினாறு ஒயராகப் பிரித்துக் கொடுப்பது ஸ்விட்ச். இவ்வளவுதான்.

கொஞ்சம் சிக்கலானது நேட். டவுன் ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜ் என்று வையுங்கள். தெருவுக்குத் தெரிந்த விலாசம் ஒன்றுதான். உள்ளே நாற்பது அறை. அதேபோல உங்கள் கடைக்கு வெளியுலகம் அறிந்த பப்ளிக் ஐபி ஒன்று. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் பிரைவேட் ஐபி, அதாவது அறை எண். ரிசப்ஷன் பையன்தான் ரூட்டர். எந்த அறைக்காரர் வெளியே ஆர்டர் கொடுத்தார் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, வரும் பார்சலை அந்த அறைக்கு அனுப்புகிறான். யாரும் கேட்காமல் வரும் பார்சலை வாசலிலேயே திருப்பிவிடுவான். இந்த ஏற்பாட்டுக்குத்தான் நேட் என்று பெயர்.

இப்போது 12-ஆம் அறைக்காரர் ஒரு கடிதத்தில், "சாப்பாட்டை 12-ஆம் அறைக்கு அனுப்பவும்" என்று மட்டும் எழுதி, லாட்ஜ் பெயரை எழுத மறந்துவிட்டார் என்றால்? ஹோட்டல்காரருக்குக் கடிதம் கிடைக்கும், சாப்பாடு கிளம்பும், போய்ச் சேர வழியில்லை. ஐபி போன் சரியாக அமைக்கப்படாவிட்டால் இதைத்தான் செய்கிறது. குரலை அனுப்ப வேண்டிய இடம் என்று தன் அறை எண்ணை எழுதிவிடுகிறது. விளைவு, நீங்கள் பேசுவது எதிராளிக்குக் கேட்கும், அவர் பேசுவது உங்களுக்குக் கேட்காது. ஒன்வே ஆடியோ என்பார்கள்.

இதைச் சரி செய்யவென்றே பல ரூட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்று ஒன்று இருக்கிறது. ரிசப்ஷன் பையனே கடிதத்தைப் பிரித்து விலாசத்தைத் திருத்துவது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஏற்கனவே சரியாக எழுதிய கடிதத்தையும் பிரித்துக் கிறுக்கிவிடுவான். நான் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் ரூட்டர் பக்கத்தைத் திறந்து இதை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை.

சிஜிநேட் என்பது லாட்ஜுக்குள் லாட்ஜ். பப்ளிக் ஐபி பற்றாக்குறையால் நெட் கம்பெனியே பல வாடிக்கையாளர்களை ஒரே விலாசத்துக்குப் பின்னால் வைப்பது. ரூட்டர் பக்கத்தில் 'வான் ஐபி' (ரூட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற இடத்தில் 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கும் முகவரி இருந்தால் நீங்கள் சிஜிநேட்டில் இருக்கிறீர்கள். எக்ஸ்சேஞ்சைக் கடையிலேயே வைத்து, கப்பலூர் கிடங்கிலிருந்தும் வீட்டிலிருந்தும் அதோடு சேர வேண்டும் என்றால் மாறாத விலாசம் தேவை. அதுதான் ஸ்டேட்டிக் ஐபி. எக்ஸ்சேஞ்ச் வெளியே எங்கோ இருக்கிறது என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. அண்ணாச்சி கொட்டேஷனில் அதற்கு மாத வாடகை போட்டிருந்தார்கள். கிடங்கிலிருந்து சேர வேண்டியிருந்ததால் விட்டுவைத்தேன்.

ஒயரைச் சுரண்டிப் பாருங்கள்

ஐபி போனுக்கு வைஃபை வேண்டாம், கேபிள்தான். மாசி வீதிப் பழைய கட்டடங்களின் கனத்த சுவரைத் தாண்டி வைஃபை போகாது என்பது ஒருபுறம். போனாலும் ஜிட்டர் படுத்தும். கேட்5ஈ அல்லது கேட்6 கேபிள், ஒரு ஓட்டத்துக்கு 100 மீட்டருக்குள்.

போனுக்குத் தனியாக அடாப்டர் செருகாமல் அதே நெட் கேபிளிலேயே கரண்டும் அனுப்புவது பிஓஇ. 802.3ஏஎஃப் என்று ஸ்விட்சில் எழுதியிருந்தால் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும். சாதாரண மேசைப் போனுக்கு அது தாராளம். எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை வாட் என்று தனியாகக் கேளுங்கள். மலிவான ஸ்விட்சில் 16 போர்ட் இருக்கும், அத்தனைக்கும் முழுக் கரண்ட் கொடுக்கத் தெம்பு இருக்காது.

கேபிளில் ஒரு ஏமாற்று நடக்கிறது. கடையில் விற்கும் சில மலிவுச் சுருள்களில் இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம், சிசிஏ என்பார்கள். பிஓஇ கரண்ட் நீளமாக ஓடும்போது அதில் இழப்பு அதிகம், மடக்கினால் ஒடியும். கண்டுபிடிப்பது சுலபம். நுனியில் உறையை உரித்து, ஒரு கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் நல்ல கேபிள். வெள்ளையாகப் பளபளத்தால் சுருளைத் திருப்பிக் கொடுங்கள். எலக்ட்ரீஷியன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் யுபிஎஸ். செம்புக் கம்பியில் வந்த பழைய லேண்ட்லைன் போனுக்குக் கரண்ட் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் பேசலாம். ஐபி போனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓஎன்டி, ரூட்டர், ஸ்விட்ச், எக்ஸ்சேஞ்ச் நான்கும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பன்னிரண்டு போனும் ஊமை. அவசரத்துக்கு 112, 108 கூப்பிட ஒரு மொபைல் எப்போதும் கல்லாவில் இருக்கட்டும்.

ஸ்விட்சில் விலான் வசதி இருந்தால் போன்களைக் கேமராவிலிருந்தும் பில் கம்ப்யூட்டரிலிருந்தும் பிரித்து வைக்கலாம்; ஒரே ஸ்விட்சுக்குள் சுவர் எழுப்புவது போல. க்யூஓஎஸ் என்பது ரூட்டரில் குரலை முன்னால் விடச் சொல்லி வைப்பது. உங்கள் வாசல்வரைதான் அந்த மரியாதை. வெளியே போனபின் பிராட்பேண்டில் யாரும் மதிக்கப் போவதில்லை. இருந்தாலும் நெருக்கடி பெரும்பாலும் வாசலில்தான் என்பதால் போட்டு வையுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் எங்கே இருக்கும்?

இபிஏபிஎக்ஸ் என்ற பழைய இன்டர்காம் டப்பாவின் தம்பிதான் ஐபி பிபிஎக்ஸ். அதைக் கடையில் ஒரு டப்பாவாக வைக்கலாம். இல்லை, கம்பெனியின் சர்வரில் மாத வாடகைக்கு எடுக்கலாம், அதற்கு கிளவுட் பிபிஎக்ஸ் என்று பெயர். கிளவுட்டில் பராமரிப்புத் தலைவலி கிடையாது, நெட் போனால் இன்டர்காமும் சேர்ந்து போகும். டப்பாவில் நெட் போனாலும் கல்லாவும் கிடங்கும் பேசிக்கொள்ளலாம். டப்பாவுக்குள் ஓடும் மென்பொருள் பெரும்பாலும் ஆஸ்டரிஸ்க் வழி வந்தது. 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய இலவச மென்பொருள். ஆகவே டப்பாவின் விலை பெரும்பாலும் வேலைக்கும் இரும்புக்கும்தான். பேரம் பேசக் கூச்சப்பட வேண்டாம்.

'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று பேசுவது ஐவிஆர். அந்த அழுத்தும் ஒலிக்கு டிடிஎம்எஃப் என்று பெயர். மொத்தக் கடைக்கு ஐவிஆர் வேண்டாம் என்பேன். ரேட் கேட்கக் கூப்பிடுகிறவர் மெஷின் பேச்சைக் கேட்டதும் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போட்டுவிடுவார். நாலு போனும் சேர்ந்து அடிக்கும் ரிங் குரூப் போதும். மொபைலில் ஆப்பாக இறக்கிப் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் சாஃப்ட்போன். முதலாளி வெளியூரில் இருக்கும்போது கைகொடுக்கும்.

பூட்டும் சட்டமும்

சிப் பேசும் வழக்கமான கதவு எண் 5060. அந்தக் கதவை உலகம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் திருட்டு நிரல்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸில் எக்ஸ்டென்ஷன் 101-க்குப் பாஸ்வேர்டும் 101. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் போன் யாருமில்லாமல் வெளிநாடுகளுக்குப் பேசிக்கொண்டிருந்தது. பில் வந்தபோதுதான் தெரிந்தது. ஆகவே நீளமான பாஸ்வேர்டு, தெரிந்த முகவரிகளை மட்டும் உள்ளே விடும் ஃபயர்வால், ஐஎஸ்டிக்குப் பூட்டு. மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

டிரங்கைத் தொலைத்தொடர்பு உரிமம் உள்ள கம்பெனியிடம், கடை ஆவணங்கள் கொடுத்து வாங்குங்கள். 'இங்கே ஒரு சிம் பாக்ஸ் வைத்துக்கொள்கிறோம், மாதம் வாடகை தருகிறோம்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் எண்ணாக மாற்றிவிடும் சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச் அது. போலீஸ் வருவது உங்கள் கடைக்குத்தான்.

கோளாறு வந்தால் என்ன சொல்வது

'போன் சரியில்லை' என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. நீங்கள் கேட்டதைச் சொல்லுங்கள்.

ரோபோ பேசுவது போல, எழுத்துகள் விழுங்கி வந்தால் ஜிட்டர் அல்லது பேக்கெட் லாஸ். பிங் ஜன்னல்களைத் திறங்கள். அழைப்பு ஒவ்வொரு தடவையும் சரியாக 32 விநாடியில் அறுந்தால் லைன் மேல் பழி போடாதீர்கள். 'எடுத்துவிட்டேன்' என்ற செய்திக்கு உறுதி வந்து சேராமல் சிப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து வைத்துவிடுகிறது. நேட் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்தில் அறுந்தால் செஷன் டைமர், அதாவது அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இடையிடையே சரிபார்க்கும் கடிகாரம். நீங்கள் பேசியது உங்களுக்கே திரும்பக் கேட்டால் எக்கோ; பெரும்பாலும் எதிராளியின் ஸ்பீக்கரோ, உங்கள் எஃப்எக்ஸ்ஓ போர்ட்டோ காரணம். வெளியே கூப்பிட முடிகிறது, உள்ளே மட்டும் வருவதில்லை என்றால் 'ரெஜிஸ்ட்ரேஷன் நிக்குதான்னு பாருங்க' என்று சொல்லுங்கள். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கம்பெனியிடம் பதிந்து வைப்பதுதான் ரெஜிஸ்ட்ரேஷன். போன்காரர் நிமிர்ந்து உட்காருவார். ஐவிஆரில் எண் அழுத்தினால் எடுக்கவில்லை என்றால் டிடிஎம்எஃப் முறை இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை.

கூடவே நான்கு விவரம்: மணி எத்தனை, எந்த எக்ஸ்டென்ஷன், எந்த எண், உள்ளே வந்ததா வெளியே போனதா. இந்த நான்கும் இல்லாமல் கம்பெனிக்காரரால் பதிவில் அந்த அழைப்பைத் தேடவே முடியாது.

போன மாதம் சிம்மக்கல்லில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியிடமிருந்து வாட்ஸப் வந்தது. "தம்பி, 10.40-க்கு 24-லருந்து திருமங்கலம் பார்ட்டிக்குப் போட்டேன். நான் பேசுறது அவருக்குக் கேக்குது, அவர் பேசுறது எனக்குக் கேக்கல. ரூட்டர் பிங் 1, வெளிய 22, குதிக்கல."

"நேத்து யாரும் ரூட்டர் மாத்துனாங்களா அண்ணாச்சி?"

"ஆமா, சாயங்காலம் நெட்டுக்காரப் பையன் புதுசு வச்சிட்டுப் போனான்."

"அவனையே கூப்பிட்டு ஏஎல்ஜி-ய அணைக்கச் சொல்லுங்க."

கிளாஸைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "சொல்லிட்டேன். நீங்க யாரு சார், நெட்வொர்க் இன்ஜினியரான்னு கேக்கறான்."